ஆள் பேர் எழுதாமல் சாமான் கட்டாத கடை

கன்னியாகுமரி மாவட்டத்தில், நித்திரவிளையிலிருந்து கடற்கரை ஊர்களுக்கு இறங்கும் சாலைகளில் ஒன்றில், ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயைத் தாண்டுவதற்குச் சற்று முன்பாக, ஓடு வேய்ந்த பழைய பலசரக்குக் கடை ஒன்று இருக்கிறது. கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் போகிறவர்களுக்குப் பெயர் தேவைப்படாது. போட்டுச் சாமான், அதாவது படகுக்கான சாமான், கட்டும் கடை எது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு ஒரு மாதச் சாமானை மொத்தமாகக் கட்டிக் கொடுப்பதும், சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குச் சில்லறையில் விற்பதும்தான் இங்கே தொழில். சாமானின் தரம், விலை, எடை, பழகும் முறை ஆகியவற்றை வைத்து ஒரு கடையை மதிப்பிடுவது வழக்கம். இந்தக் கடையை அவற்றை மட்டும் வைத்து மதிப்பிட்டுவிட முடியாது. இன்று இங்கே நடக்கும் வியாபாரத்தின் முறை முழுவதும் 2017 நவம்பர் 30 அன்று அடித்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு உருவானது. அந்த முறையை உருவாக்கியவரும் அதற்கு முன்பு இந்த வட்டாரம் அறிந்திருந்த மனிதர் அல்லர். எதிர்பாராமல் வந்து விழும் பேரிடர் ஒருவருடைய சுபாவத்தை எவ்வளவு தூரம் மாற்றும், மாறியது எத்தனை காலம் நிற்கும் என்பதை ஒரு கல்லாப்பெட்டிக்கு எதிரே நின்று பார்க்க முடிகிறது என்பதாலேயே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சாமான். சிவப்புச் சம்பா அரிசி இரண்டு தரத்தில் இருக்கிறது. விலை குறைந்த ரகத்திலும் கல் கிடையாது, வடித்தால் கஞ்சித் தண்ணீர் நல்ல மணத்தோடு வரும். தேங்காய் எண்ணெயைப் பக்கத்துச் செக்கில் ஆட்டி வாங்கி, தகர டின்னில் வைத்து அளந்து ஊற்றுகிறார்கள். வெயில் காலத்து எண்ணெய் மிக நன்றாக இருக்கும். மழைக்காலத்தில் கொப்பரை சரியாகக் காயாமல் இலேசான காறல் வாடை வரும், கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். குடம்புளி கறுத்து, பிசுபிசுப்புக் குறையாமல், புகை மணத்தோடு கிடைக்கிறது; சூரையோ அயலையோ வாங்கிப் புளிமுளம் என்ற மீன்குழம்பு வைக்கிறவர்கள் இதற்காகவே இந்தக் கடைக்கு வரலாம். நம் மாவட்டத்து மலைத் தோட்டங்களில் விளையும் கிராம்பு 2021இல் புவிசார் குறியீடு பெற்றது அல்லவா, அந்தக் கிராம்பை இங்கே ஒரு கண்ணாடிக் குப்பியில் தனியாக வைத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிந்து விரலில் ஒட்டும். சத்து எடுக்கப்பட்ட வெளிச்சந்தைக் கிராம்பில் அது நடக்காது. மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் சுமார்தான். வற்றலும் மல்லியும் வாங்கி வீட்டில் வறுத்துத் திரித்துக்கொள்வது நல்லது.

போட்டுச் சாமான் கட்டுவதில்தான் இந்தக் கடையின் உண்மையான திறமை தெரிகிறது. தூத்தூர் வட்டாரத்துப் படகுகள் சுறாவையும் சூரையையும் தேடிக் கொச்சி தொடங்கி குஜராத் வரையுள்ள மேற்குக் கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவை. பத்துப் பன்னிரண்டு பேர் போகும் படகில் ஏதாவது ஒரு சாமான் நனைந்து கெட்டுவிட்டால் அதற்காகக் கரைக்குத் திரும்ப முடியாது. ஆகவே அரிசியை இரட்டைப் பாலித்தீன் உறையில் போட்டு, வாயை முறுக்கி, வலை நூலால் இறுக்கிய பிறகே சாக்கில் இறக்குகிறார்கள். பருப்பும் பயறும் மூடி இறுகிய பிளாஸ்டிக் குப்பிகளில் போகின்றன. தீப்பெட்டிகளை ஒரு பிடி உலர்ந்த அரிசியோடு சேர்த்து அடைக்கிறார்கள். ஈரத்தை அரிசி உறிஞ்சிக்கொள்ளும். வெங்காயம் மட்டும் காற்றோட்டத்துக்காக வலைப்பையில் கட்டப்படுகிறது. ஒவ்வொரு மூட்டையின் மேலும் அதை எந்த வாரத்தில் பிரிக்க வேண்டும் என்று சிவப்புச் சாயத்தால் எண் போடுகிறார்கள். நாலாவது வாரத்து மூட்டையைப் பிரித்தபோது பருப்பு அன்று வாங்கியதைப் போல இருந்ததாக, தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் படகிலிருந்து இறங்கிய ஒருவர் என்னிடம் சொன்னார்.

இவற்றோடு ஒரு சிறிய கேனும் போகிறது. அதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை, எல்லாப் படகுகளுக்கும் உண்டு. வாய் அகன்ற கேன் ஒன்றில் அவல், கருப்பட்டித் துண்டுகள், வறுத்த கடலை, ஒரு விசில், செம்மஞ்சள் நிறத் துணி ஆகியவற்றைப் போட்டு அடைத்து, மூடியைச் சுற்றி ரப்பர்ப் பட்டை இழுத்து, கயிற்றில் கட்டி, படகின் மேல்தளத்தில் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லிக் கொடுக்கிறார். ஒக்கியில் கவிழ்ந்த படகுகளிலிருந்து உயிரோடு மீண்டவர்கள், மிதந்து கிடந்த நேரத்தைப் பற்றிச் சொன்னவற்றைக் கேட்டு அவர் யோசித்துச் செய்தது இது. கேனுக்கு அடக்க விலை மட்டுமே வாங்குகிறார்.

இனி, இந்தக் கடையை மற்ற எல்லாக் கடைகளிலிருந்தும் பிரித்துக் காட்டும் வழக்கத்துக்கு வருகிறேன். படகுக்குச் சாமான் எடுக்க வருகிறவர் சீட்டை நீட்டியவுடன் தராசு அசையாது. பெரிய கணக்கு நோட்டு ஒன்றை விரித்து, இடப்பக்கம் சாமானும் தொகையும் எழுத இடம் விட்டு, வலப்பக்கத்தை முதலில் நிரப்புகிறார்கள். படகின் பதிவு எண், புறப்படும் துறைமுகம், நாள், ஏறப்போகும் ஒவ்வொருவருடைய பெயர், வீட்டில் யாரை அழைக்க வேண்டும் என்ற தொலைபேசி எண் எல்லாம் அதில் வர வேண்டும். வடமாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் இருந்தால், அவர்களுடைய சொந்த மாவட்டத்தின் பெயரும் அங்கே உள்ள உறவினர் ஒருவரின் எண்ணும் தேவை. தெரியாது என்று சொன்னால் அங்கேயே நின்று அந்தத் தொழிலாளியை அழைத்துக் கேட்கச் சொல்கிறார். பக்கம் நிரம்பிய பிறகே அரிசிச் சாக்கைப் பிரிக்கச் சொல்லிக் குரல் கொடுக்கிறார். பிரதி ஒன்று படகுக்காரரின் வீட்டுக்குப் போகிறது, நோட்டு கடையில் இருக்கிறது. ஆள் மாறினால் புறப்படும் முன்பு அழைத்துச் சொல்ல வேண்டும். இந்தக் கெடுபிடி பிடிக்காமல் வேறு கடைக்குப் போன படகுக்காரர்கள் உண்டு என்பதும், அதனால் வந்த நட்டத்தை அவர் பொருட்படுத்தவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஒக்கிக்கு முன்பு இதே மனிதர் எப்படி இருந்தார் என்பதை மறைத்துவிட்டு இதை எழுதுவது நேர்மையாகாது. எழுதச் சொன்னவரும் அவரே. கடன் அன்பை முறிக்கும் என்ற பலகை அப்போது கல்லாவுக்கு மேலே தொங்கியது. கால்வாய்க்கு இக்கரையில் இருந்தவர்களுக்கு அந்தப் பலகை பொருந்தாது, அவர்களுக்கு மாதப் பற்று இருந்தது. கடற்புறத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தீப்பெட்டிக்குக்கூட ரொக்கம்தான். மீதிச் சில்லறையை அவர்கள் கையில் தராமல் பலகையின் மேல் வைப்பார். கடலில் பணம் வந்தால் ஒரே நாளில் செலவழிப்பவர்கள், இல்லாவிட்டால் கடை மாற்றிப் போய்விடுபவர்கள் என்பது அவருடைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு அவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. உள்நாட்டுக்கும் கடற்கரைக்கும் இடையில் நம் மாவட்டத்தில் நெடுங்காலமாக நிலவும் அவநம்பிக்கையின் ஒரு சிறு கிளை அது. 1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே வெடித்த கலவரத்தை நினைவில் வைத்திருக்கும் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதற்கு இடையில் ஒரு பேரிடர் வந்து போகவில்லையா என்று கேட்கலாம். வந்தது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் சுமத்திரா அருகே ஏற்பட்ட 9.1 அளவு நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை, இலங்கையைச் சுற்றிக்கொண்டு வந்து நம் மேற்குக் கரையையும் அடித்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்கள் பட்டதை நாம் அறிவோம். மேல மணக்குடியையும் கீழ மணக்குடியையும் இணைத்த பாலமே உடைந்து போனது. மாவட்டத்தில் ஏறத்தாழ 800 பேர் உயிரிழந்தார்கள். அன்று உள்நாட்டு ஊர்களில் பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் கல்யாண மண்டபங்களும் திறந்துவிடப்பட்டன. வீடுதோறும் சோறு பொங்கிப் பொட்டலம் கட்டினார்கள். இந்தக் கடைக்காரரும் அரிசி மூட்டைகளை வண்டியில் ஏற்றி அனுப்பினார். அந்த ஈகை பொய்யில்லை, அனுப்பியபோது அவர் கண் கலங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பொங்கல் கழிந்தது. பலகை தொங்கிய இடத்தில் தொங்கியது, சில்லறை பலகையின் மேலேயே வைக்கப்பட்டது.

ஒரே மனிதரை முதல் பேரிடர் மாற்றாமல் விட்டதும் இரண்டாவது மாற்றியதும் எப்படி என்பது எனக்கு முக்கியமான கேள்வியாகப் பட்டது. இழப்பின் அளவு அதற்கு விடையாகாது. ஆழிப்பேரலையில் அவர் கொடுக்கும் இடத்தில் இருந்தார். வீடும் தோட்டமும் கடையும் அப்படியே இருக்க, தம்மைவிடக் கீழே விழுந்துவிட்டவர்களுக்கு இரங்கினார். ஒக்கி அந்த இடத்தை அவருக்கு விட்டுவைக்கவில்லை. குமரிக் கடலில் இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு சில மணி நேரத்துக்குள் புயலாக வலுத்ததால், எச்சரிக்கை வந்த நேரத்தில் ஆழ்கடலில் இருந்த படகுகள் கம்பியில்லாத் தொடர்பு எட்டாத தொலைவில் இருந்தன. கரையிலோ, கடலைப் பார்க்காமலேயே வாழ்ந்த ஊர்களும் அடிபட்டன. ரப்பர் மரங்கள் நடுவில் முறிந்து விழுந்தன, குலை தள்ளிய ஏத்தன் வாழைகள் தரையோடு படுத்தன, ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை, செல்பேசிக் கோபுரங்களும் நின்றுபோயின. கடைக்காரரின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பருவத்தில் இருந்த மரங்களில் பெரும்பாலானவை போயின. கடையின் ஓடுகளும் பறந்தன. முதல் முறையாகக் கால்வாயின் இரண்டு கரைகளும் ஒரே இருட்டில் இருந்தன.

அந்த இருட்டில், காற்று அடங்கிய பிறகு, கடற்புறத்துப் பெண்கள் கடைக்கு வரத் தொடங்கினார்கள். அரிசி கேட்க வருகிறார்கள் என்று நினைத்தாராம். வந்த பெண் கேட்டது வேறு. “எங்க வீட்டு ஆளு எந்தப் போட்டுல ஏறினாருன்னு உங்க நோட்டுல இருக்கா, அண்ணே?” தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ கொச்சியிலிருந்தோ கிளம்பும்போது கடைசி நேரத்தில் படகு மாறி ஏறுவது அந்தத் தொழிலில் சாதாரணம். யார் எந்தப் படகில் போனார்கள் என்பதற்குக் கரையில் முழுமையான பதிவு இல்லை. அதனாலேயே அந்த நாட்களில் காணாமல் போனவர்களின் எண்ணிக்கை அரசு சொன்னது ஒன்றாகவும் ஊர் சொன்னது வேறாகவும் இருந்தது. சாமான் வாங்கிய நோட்டிலாவது இருக்கும் என்று அந்தப் பெண் நம்பி வந்திருக்கிறார். கடைக்காரர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நோட்டைப் புரட்டியிருக்கிறார். அரிசி, பருப்பு, தேயிலை, தொகை, வரவு, பாக்கி என்று ஒரு பைசா பிசகாமல் இருந்தது. படகின் பெயர் இருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள், அதே கேள்வியோடு. இதை என்னிடம் சொன்னபோது அவர் இரண்டே வாக்கியம் சொன்னார்: “மக்கா, ரூவா எல்லாம் எழுதி வச்சிருந்தேன். ஆளு பேரு ஒண்ணுகூட எழுதேல்ல.”

அவரை மாற்றியது புயல் என்பதைவிட அந்தக் கேள்வி என்று சொல்வதே சரி என்று நினைக்கிறேன். இரக்கம் அவரிடம் 2004இலும் இருந்தது. 2017இல் அவரிடம் சேர்ந்தது, தம்முடைய தொழிலில் ஒரு குறை இருந்தது, அந்தக் குறை பிறருடைய துயரத்தில் பங்கு வகித்தது என்ற அறிவு. இரக்கம் மூட்டை அனுப்புவதோடு நிறைவடைந்துவிடும். இந்த அறிவு நாள்தோறும் நோட்டைத் திறக்கும்போதெல்லாம் திரும்ப வரும். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான கடற்கரை மக்கள் நடந்தே போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்து, கடலில் தேடுங்கள் என்று கேட்டபோது, அவர் கடையைப் பூட்டிவிட்டுத் தண்ணீரும் பழமும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அதைச் செய்தவர்கள் பலர். மறுநாள் கடைக்கு வந்து வலப்பக்கத்தில் கோடு போட்ட புது நோட்டைத் தொடங்கியது அவர் மட்டும்தான்.

பேரிடர் வந்தவுடன் எல்லாரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள் என்றோ, சட்டம் ஒழுங்கு போனால் எல்லாரும் கொள்ளையடிப்பார்கள் என்றோ பொதுவாகப் பேசுகிறோம். இதை முறையாக ஆராய்ந்த முதல் சிலரில் ஒருவர் சாமுவேல் ஹென்றி பிரின்ஸ். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் 1917 டிசம்பர் 6 அன்று வெடிமருந்துக் கப்பல் ஒன்று வேறொரு கப்பலோடு மோதி வெடித்து ஊரின் ஒரு பகுதியையே தரைமட்டமாக்கியபோது அவர் அங்கே கிறிஸ்தவக் குருவாக இருந்தார். பிறகு அதையே தம் ஆய்வுக்குப் பொருளாக்கினார். முன்பின் தெரியாதவர்களுக்காக உயிரைக் கொடுத்தவர்களையும், தட்டுப்பாட்டை வைத்து ஆதாயம் பார்த்தவர்களையும் அவர் ஒரே ஊரில் கண்டார். பேரிடர் பழைய வழக்கங்களின் பிடியைத் தளர்த்துகிறது, அதற்குப் பிறகு எந்தப் பக்கம் போவது என்பது திறந்தே இருக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். நூறாண்டு கழித்து நம் ஊரிலும் அதுவேதான் நடந்தது. மின்சாரம் இல்லாத அந்த வாரத்தில் பக்கத்துச் சந்தை ஒன்றில் மெழுகுவத்தியின் விலையைப் பல மடங்கு உயர்த்திய கடை இருந்தது, அதில் வாங்கியவர்களில் நானும் ஒருவன். அதே சாலையில் ஜெனரேட்டர் வைத்து ஊராரின் செல்பேசிகளுக்கெல்லாம் இலவசமாகச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்த வெல்டிங் பட்டறைக்காரரும் இருந்தார். மின்சாரம் வந்த பிறகு இருவருமே தத்தம் பழைய வியாபாரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். ஆகவே அந்த ஒரு வாரத்து நடத்தையை வைத்து யாருடைய சுபாவத்தையும் நிர்ணயிக்க நான் தயாராக இல்லை. நம் கடைக்காரரின் நோட்டோ இன்றும் எழுதப்படுகிறது.

எல்லா மாற்றமும் விரிவை நோக்கிப் போகவில்லை என்பதற்கும் இதே கடையில் சான்று இருக்கிறது. மார்த்தாண்டம் பகுதித் தேன் பெரும்பாலும் ரப்பர் தளிரில் ஊறும் இனிப்பிலிருந்து தேனீக்கள் சேர்ப்பது. இந்தக் கடைக்குத் தேன் கொடுத்து வந்த ஒருவர், ஊரில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் ஒரு குப்பித் தேனைக் காசு வாங்காமல் கொடுத்து அனுப்பும் மனிதராக இருந்தார். ஒக்கியில் அவருடைய பெட்டிகளும் போயின, பெட்டிகள் வைத்திருந்த தோட்டங்களும் போயின. நிவாரணப் பட்டியலில் யார் பெயர் வந்தது, யார் பெயர் விடுபட்டது என்ற சச்சரவில் உறவினரோடு பகை மூண்டது. இன்று அவர் தேன் கொண்டு வருகிறார், தேன் இன்னும் நன்றாகவே இருக்கிறது. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய துயரத்தில் அவருக்குச் செய்வதற்கென்று ஒரு வேலை கிடைக்கவில்லை, கடைக்காரருக்குக் கிடைத்தது. இருவருக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடையில் இப்போது கணக்கு எழுதுபவர் அன்று நோட்டைக் கேட்டு வந்த பெண்களில் ஒருவர். கணவர் திரும்பவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியை ஒக்கியில் தளர்த்தி, அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கியது. அந்தப் பணத்தை மகளின் படிப்புக்கென்று வங்கியில் போட்டுவிட்டு, இவர் வேலைக்கு வந்தார். முன்பு கடைவீதிக்குத் தனியாக வரக் கூசுபவர் என்று அவரே சொல்கிறார். இன்று, ஆள் பெயர் தர மறுத்து வாதாடும் படகுக்காரரிடம் அவர் குரலை உயர்த்தாமல், பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். அதற்கு மேல் யாரும் வாதாடுவதில்லை. அவருடைய கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது. பெயரை எழுதியவுடன் ஒருமுறை வாய்விட்டுப் படித்து, சரிதானா என்று கேட்டுக்கொள்கிறார். இதைத் துணிச்சல் என்று மெச்சுகிறவர்களிடம் அவர் மகிழ்ச்சி காட்டுவதில்லை. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மனிதர்களிடம் ஏற்படும் வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கால்ஹூனும், அந்த வளர்ச்சி துயரத்தை அகற்றிவிடுவதில்லை, இரண்டும் ஒரே மனத்தில் சேர்ந்தே இருக்கக்கூடும் என்று சொல்கிறார்கள். காற்று எழும்பும் நாட்களில் இவர் வேலைக்கு வருவதில்லை. கடையில் அதை யாரும் விடுப்பாகக் கணக்கிடுவதும் இல்லை.

கடற்புறத்துக்குக் கடன் இல்லை என்ற வழக்கம் அடியோடு போய்விட்டது. இப்போது படகு குடும்பங்களுக்குப் பற்று இருக்கிறது. தவணை நாள் மாதத்தின் முதல் தேதியன்று விழாமல், படகு கரை சேர்ந்து மீன் விற்ற பிறகு விழும்படி வைத்திருக்கிறார். மீன்பிடித் தடைக்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் பாக்கி கேட்பதில்லை. வராக்கடன் கொஞ்சம் இருக்கிறது, உள்நாட்டுப் பற்றிலும் அதே அளவுதான் இருந்து வந்திருக்கிறது என்பதைப் பழைய நோட்டுகளை ஒப்பிட்டு அவரே கண்டுபிடித்தார். முன்பு கொண்டிருந்த தீர்ப்பு தவறு என்பதற்கு அவருக்குக் கிடைத்த நிரூபணம் தம் கையெழுத்திலேயே இருந்தது. பழைய பலகை இருந்த இடத்தில் வானிலை எச்சரிக்கைகளை எழுதும் கரும்பலகை இருக்கிறது. கடலில் காற்றின் வேகம், அலையின் உயரம், எந்த நாள் வரை போகக்கூடாது என்பவற்றை அன்றன்று எழுதுகிறார்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். படகுச் சாமான் கட்டும் நாளில் சில்லறைக்குப் போனால் நெடுநேரம் நிற்க நேரிடும், நிற்பவர்களுக்கு உட்கார ஒரு பெஞ்சு இல்லை. சில்லறை விலை, பெரிய சந்தைகளோடு ஒப்பிட்டால், அரிசியிலும் பருப்பிலும் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுதல். ஒக்கிக்குப் பிறகு கடைக்காரரிடம் எதையும் மிகையாகச் சேர்த்து வைக்கும் பழக்கம் வந்திருக்கிறது. மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் பேட்டரியும் பின்னறையில் கூரை வரை அடுக்கியிருக்கிறார், அவற்றுக்கு இடம் விட்டதில் ரவை, மைதா போன்றவை காற்றோட்டமில்லாத மூலைக்குப் போய்விட்டன. மழைக்காலத்தில் ரவையில் வண்டு பார்த்திருக்கிறேன். சொன்னவுடன் மாற்றித் தந்தார்கள் என்றாலும் அது வராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். கரும்பலகையில் எச்சரிக்கை எழுதப்பட்ட நாளில் படகுக்குச் சாமான் தர மறுக்கிறார். எச்சரிக்கை விலகிய பிறகும் ஒரு நாள் கூடுதலாக மறுப்பதாகப் படகுக்காரர்கள் சொல்லும் குறையில் நியாயம் இருக்கிறது. டீசலும் ஐஸும் ஏற்றி நிற்கும் படகுக்கு ஒரு நாள் என்பது சிறிய நட்டமில்லை. முன்பு கடையில் வேடிக்கையும் கதையும் உண்டு. இன்று அவர் அதிகம் பேசுவதில்லை, சிறுபிள்ளைகள் கூரையில் கல் எறிந்தால்கூடப் பதறி எழுந்துவிடுகிறார். அவருடைய மகன் வியாபாரத்தைக் கணினியில் ஏற்ற விரும்புகிறார். நோட்டு நனைந்துபோனால் எல்லாம் போய்விடும் என்று அவர் சொல்வது சரியானது, தந்தை இசைந்து இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது. மின்சாரமும் கோபுரமும் ஒரு வாரம் இல்லாமல் போனதைப் பார்த்தவர் காகிதத்தை விடமாட்டேன் என்பதிலும் பொருள் இருக்கிறது.

கடை காலை ஆறரைக்குத் திறந்து, மதியம் சாப்பாட்டுக்குச் சிறிது நேரம் சாத்தி, இரவு எட்டரை வரை நடக்கிறது. ஞாயிறு காலையில் இல்லை. ரொக்கமும் செல்பேசிப் பணமும் வாங்குகிறார்கள். வீட்டுக்குச் சாமான் கொண்டுவந்து தரும் வசதி முதியவர்களுக்கும் கால்வாயின் இரு கரைகளில் உள்ள அருகிலுள்ள ஊர்களுக்கும் மட்டும் உண்டு. அரிசி, தேங்காய் எண்ணெய், குடம்புளி, கிராம்பு, கருப்பட்டி ஆகியவற்றை யோசிக்காமல் வாங்கலாம். தூள் வகைகளையும் மழைக்கால ரவையையும் வேறிடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். படகு வைத்திருப்பவர்கள் இந்தக் கடைக்குப் போவதாக இருந்தால், கூட்டம் குறைந்த பிற்பகல் நேரத்தில், ஏறப்போகும் அத்தனை பேருடைய பெயரையும் வீட்டு எண்ணையும் முன்னதாகவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வேலை பாதி நேரத்தில் முடிந்துவிடும்.